வெள்ளமுனை ஸ்டேஷன் கதவு

இரவு பத்தே முக்கால் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு வெள்ளமுனைக்கு இறங்குகிற ரோடு... கடல் வரைக்கும் ஒரே கோடாகப் போகும். இரண்டு பக்கமும் உடைமரம். அதைத் தாண்டினால் உப்பளம். ஒரு வீடு கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. அந்த ரோட்டில் தன்னந்தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போனாள் பூங்கோதை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது, நாம் பேசுவது ஸ்டேஷனுக்குள் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ரோட்டோரம் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. உம்மு ஹபீபாவின் மகனைச் சாயங்காலத்திலிருந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயசுப் பிள்ளை. காலையில் வா என்று தாயைத் துரத்திவிட்டார்கள். விடியும்வரை நாம் இங்கிருந்து அசையப்போவதில்லை. சோறெல்லாம் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் நம்மிடம் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை. தூக்கம் வராமல் இருக்கக் கதை வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான். பேய்க்கதைதான் கிடைக்கும். பயப்படுகிறவர்கள் பஞ்சம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பூங்கோதை அவளுடைய சின்னம்மா மகள். கதையில் ஒரு வார்த்தை கூடிப்போனாலும் பஞ்சம்மாள் தலையில் குட்டலாம்.

பூங்கோதை போலீஸ்காரி. உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டுப் பெண். வேலைக்கு வந்து ரொம்ப நாளாகவில்லை, காக்கிச் சட்டையில் இன்னும் கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை. அன்றைக்கு வெள்ளமுனை ஸ்டேஷனில் அவளுக்கு ராத்திரிப் பாரா. பாரா என்றால் தெரியும்தானே, வாசலில் காவல் நிற்பது. உள்ளே லாக்கப்பில் ஆள் இருந்தால் அந்தச் சாவியும் பாரா நிற்கிறவர் இடுப்பில்தான் இருக்கும்.

ரோட்டில் வரும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பொம்பளை நடந்து போவது தெரிந்தது. வெளுத்த சேலை. கையில் தூக்குவாளி. வாளியின் பிடி ஆடி ஆடி ஒரு சத்தம்... கிணிங்... கிணிங். தாண்டும்போது புளி தூக்கலாக விட்ட சூடை மீன் குழம்பு வாசம் மூக்கில் ஏறியது. கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கொண்டுபோகிறாள்போல என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனாள். உப்பளத்து மோட்டார் கொட்டகை தாண்டியது. வாய்க்கால் பாலம் தாண்டியது.

முன்னால்... அதே வெளுத்த சேலை. அதே வாளி. கிணிங்... கிணிங்.

அந்த ரோட்டுக்குக் குறுக்கு வழி கிடையாது. பின்னால் வண்டி எதுவும் வரவும் இல்லை. போலீஸ்காரியாக இருந்தால் மட்டும் முதுகு வேர்க்காதா? இரண்டாவது தடவை தாண்டும்போது பூங்கோதை பக்கவாட்டில் திரும்பவே இல்லை. ஆக்சிலேட்டரை ஒரே முறுக்காக முறுக்கி ஸ்டேஷன் வாசலில் வந்துதான் மூச்சு விட்டாள்.

உள்ளே நுழைந்தால் ஒரே மஞ்சள் நெடி. இலங்கைக்குப் போக இருந்த சமையல் மஞ்சள், மூட்டை மூட்டையாகக் கரையில் பிடித்து ஸ்டேஷனுக்குள் அடுக்கியிருந்தார்கள். மஞ்சள் இருக்கிற இடத்துக்குப் பேய் வராது என்று நம் ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அதை நம்பி யாரும் மோசம் போகாதீர்கள்.

படகு தப்பிவிட்டது. படகில் இருந்தவர்களும் தப்பிவிட்டார்கள். மஞ்சளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்கிற வழக்கமே அந்த ஸ்டேஷனில் கிடையாது. அகப்பட்டது ஒரே ஒருவன். தலைச்சுமையாக மூட்டை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ரூபஸ். வெள்ளமுனை அனிட்டாவின் மகன், பதினாறு வயசு, பிளஸ் ஒன் படிக்கிறான். லாக்கப்பில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை, பாதம், கழுத்து எல்லாம் மஞ்சள்.

ரைட்டர் வேலை பார்க்கிற சேதுராமன் ஏட்டு பூங்கோதையிடம் சாவியைக் கொடுத்தார். காலையில் கோர்ட், அங்கிருந்து ரிமாண்ட், பெரிய ஜெயில் என்று கொட்டாவிக்கு நடுவே சொன்னார். வயசு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பூங்கோதை கேட்டாள். பத்தொன்பது என்றார். இன்ஸ்பெக்டர் பையனின் மூக்குக்குக் கீழே பார்த்தாராம், மீசை தெரிந்ததாம், பத்தொன்பது என்று போடச் சொன்னாராம். அதை மீசை என்று சொன்னால் மீசைக்கே கோபம் வரும். அனிட்டா சாயங்காலம் பள்ளிக்கூட அடையாள அட்டையோடு ஓடி வந்து, பதினாறுதான் அய்யா என்று நீட்டியிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் கையைக்கூட நீட்டவில்லை. நாளைக்கு வா என்றாராம்.

"ஏட்டய்யா, பதினெட்டு ஆகாத பிள்ளைய லாக்கப்புல வைக்கவே கூடாதே. டிரெய்னிங்ல சொன்னாகளே" என்றாள் பூங்கோதை.

"டிரெய்னிங்ல நீச்சலுந்தான் சொல்லிக் குடுத்தாக. கடல்ல குதிக்கிறமா? நீ பாராவப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, உள் ரூமில் பெஞ்சைப் போட்டுப் படுத்துவிட்டார்.

பூங்கோதை வாசலில் நின்றாள். அவள் நிலைமையையும் பார்க்க வேண்டும். வீட்டில் நிச்சயமாக அடுப்பெரிய வைப்பது இவள் சம்பளம்தான். மிளகாயை நம்பினால் ஒரு வருசம் சிரிக்கும், மறு வருசம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் கண்ணைக் கட்ட முடியவில்லை. ஊரில் அவள் தம்பியும் பிளஸ் ஒன்தான். அவனும் இப்படித்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவான்.

தண்ணீர் கேட்டான் ரூபஸ். கம்பி வழியாகக் கொடுத்தாள். குடித்துவிட்டு, காலையில் என்னை எங்கே கொண்டுபோவார்கள் மேடம் என்று கேட்டான். அவள் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள். பெரியவர்கள் இருக்கிற ஜெயிலுக்கா என்று அவனே கேட்டான். பூங்கோதை வாசலுக்கே திரும்பிப் போனாள்.

பன்னிரண்டு தாண்டியிருக்கும். காற்று பட்டென்று நின்றது. கடற்கரையில் காற்று நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அலைச் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போய்விட்டது. மஞ்சள் நெடிக்கு நடுவே மெல்ல மெல்ல ஒரு வாசம்... புளி, சூடை மீன்.

கிணிங்...

பூங்கோதை தலையைத் தூக்கினாள். வாசற்படிக்கு வெளியே அந்தப் பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். வெளுத்த சேலை, ஓரமெல்லாம் ஈரம். மழை பெய்து மாசக்கணக்காகிறது. தலைமுடியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

இங்கேதான் பூங்கோதை ஒரு தப்புப் பண்ணினாள். பட்டணத்துப் பெண்ணாக இருந்தால் பண்ணியிருக்க மாட்டாள், கடற்கரைப் பெண்ணாக இருந்தால் பண்ணியிருக்கவே மாட்டாள். உத்தரகோசமங்கைப் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வாசற்படியில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும், வரப்புத் தகராறில் காலையில் மண்வெட்டியை ஓங்கியவராகவே இருந்தாலும், முதலில் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு. சண்டையைக்கூட உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் போடுவார்கள். போலீஸ் டிரெய்னிங்கில் அவளுக்குச் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அதட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் எடுக்க முடியவில்லை.

"வாங்காத்தா" என்றாள்.

அந்தப் பொம்பளை உடனே வரவில்லை. ரொம்ப நேரம் பூங்கோதையின் முகத்தையே பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"இத்தன வருசத்துல... வாங்கன்னு சொன்னது நீ ஒருத்திதாத்தா" என்றாள். குரல் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. "ஆன்டனி ராஜுக்குச் சோறு கொண்டாந்தேன்."

அப்படி யாரும் இங்கே இல்லை, ரூபஸ் என்றொரு பையன்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை லாக்கப் பக்கம் கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தால்... ஆள் இல்லை. வாசற்படிக்கு உட்பக்கம் இரண்டு ஈரக் காலடி. இரண்டும் உள்ளே பார்த்து இருந்தன. வெளியே போன தடம் எதுவும் இல்லை.

லாக்கப்பிலிருந்து ரூபஸ் கூப்பிட்டான். இந்தத் தடவை மேடம் என்று கூப்பிடவில்லை.

"அக்கா... யார வாங்கன்னீக? அங்கன ஆளே இல்லையே."

தூக்குவாளியோடு வந்தவள் ஆன்டனி ராஜைக் கேட்டதாகப் பூங்கோதை சொன்னாள். பையனின் முகத்தில் மஞ்சளுக்குக் கீழே இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். வெள்ளமுனையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதைதான் அது.

அவள் பெயர் ஜெபமாலை. ரூபஸ் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. படகிலிருந்து டீசல் காணாமல்போனது என்று அவளுடைய மகன் ஆன்டனி ராஜை இதே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் பதினேழு. இருபது என்று எழுதினார்கள். பெரிய ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கேஸ் நடக்கவே இல்லை. அவன் திருடினானா இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் என்றார்கள். முதுகைப் பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள்.

கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றால், ஆளோ உடலோ வந்துசேரும்வரை அந்த வீட்டில் கதவு சாத்த மாட்டார்கள். வெள்ளமுனையில் அதுதான் வழக்கம். மழையோ புயலோ, கதவு திறந்தே கிடக்கும். ஜெபமாலை மகனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. ஊரார் எடுத்துச் சொன்னார்கள். சர்ச் சாமியார் வந்து சொன்னார். என் மகன் அந்த ஸ்டேஷன் கதவு வழியாக உள்ளே போனான், அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும், வராதவரைக்கும் வந்ததாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டாள். ராத்திரி ஆனால் தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுவாள். பாரா நிற்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சொன்னது மாறவில்லை. நாளைக்கு வா.

ஐப்பசி மழையில் ஒரு விடியக்காலம், வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வாளி. எழுந்து போம்மா, நாளைக்கு வா என்று பாராக்காரர் சொல்லியிருக்கிறார். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சொல்லியிருக்கிறார். அவள் உயிர் நடுராத்திரியே போய்விட்டிருந்தது.

கேட்கும்போதே வயிறு எரிகிறதா? எரியட்டும். பூங்கோதைக்கும் எரிந்தது. பயம் ஒரு பக்கம் இருக்க, கோபம் வந்து முன்னால் நின்றது.

அந்த நேரத்தில்தான்... கிளிக்.

லாக்கப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு கொண்டியில் தொங்கியது. சாவி பூங்கோதையின் இடுப்பில் இருந்தது. பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். நகர்ந்ததும் கிளிக். இரும்புக் கதவு க்ரீ...ச் என்று தானாகத் திறந்தது. பின்னால் வாசல் கதவு இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து சுவரில் போய் முட்டியது.

சத்தத்தில் சேதுராமன் ஏட்டு எழுந்து வந்தார். கடக்காத்தும்மா என்றார். காத்து எங்கே ஏட்டய்யா அடிக்கிறது, இரும்புப் பூட்டையுமா காத்து திறக்கும் என்று இவள் கேட்டாள். அவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார், திறந்தது. லாக்கப் கதவைக் கயிற்றால் கட்டினார், முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. கடைசியில் கைவிலங்கை எடுத்துக் கதவையும் கம்பியையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, இப்போது பார்ப்போம் என்று திரும்பினார். விலங்கு அவர் காலடியில் இருந்தது. தூக்கிப் போட்டதுபோலக் கிடக்கவில்லை. இரண்டு வளையமும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. ஏட்டய்யா அதற்குமேல் ஒன்றும் ஆராயவில்லை. வெளியே போய் ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அந்த ஜீப் கதவு மட்டும் நன்றாகச் சாத்தியது.

லாக்கப் திறந்து கிடக்கிறது. வாசல் திறந்து கிடக்கிறது. எதிரே கடல், இருட்டு, வீடு. ரூபஸ் ஓடினானா? இன்னும் சுவரோடு சுவராக ஒடுங்கினான்.

"அக்கா, நான் தொறக்கல. நான் ஓடல. ஓடலன்னு நீங்கதான் சொல்லணும்" என்று நடுங்கினான்.

பேய் வந்தது என்று கேட்டுக்கூட அவன் அப்படி நடுங்கவில்லை. திறந்த கதவைக் கண்டு நடுங்கினான். பதினாறு வயசுப் பிள்ளைக்குத் திறந்த கதவைப் பார்த்தால் ஓடத் தோன்றாமல் பயம் வருகிறது என்றால், அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நன்றாக இருப்பார்களா? பூங்கோதை நேராக உள்ளே போனாள். அவன் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே கூட்டிவந்து, தான் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்காரவைத்தாள். தன்னுடைய போனைக் கொடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

ஜீப் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, வேலை போகும் பிள்ளே என்று சேதுராமன் ஏட்டு குரல் கொடுத்தார்.

"தெறந்த கதவுக்கு நான் பாரா நிக்கிறேன் ஏட்டய்யா. சாத்துற வேல என்னால ஆகாது" என்றாள் பூங்கோதை.

அனிட்டா வந்தாள். தனியாக வரவில்லை. படகு கரை வருகிற நேரம், மீன் கூடையோடு கரைக்குப் போக எழுந்திருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் வந்துவிட்டார்கள். கூச்சல் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற மாதிரியே. நம்முடைய இந்தப் பழக்கம் அங்கே பிடித்ததுதான்.

அனிட்டா உள்ளே வந்து மகனைக் கட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை நனைத்து அவன் முகத்தையும் கையையும் அழுத்தித் துடைத்தாள். பசிக்குதாய்யா என்று கேட்டாள்.

"சாப்பிட்டேம்மா" என்றான் ரூபஸ்.

யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். அவன் லாக்கப் பக்கம் பார்த்தான். பூங்கோதை தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. அனிட்டா அவனுடைய வலது கையை மோந்து பார்த்தாள். மஞ்சள் வாசத்துக்கு மேலே சூடை மீன் குழம்பு வாசம் வந்தது.

விடிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியே பொம்பளைகள், உள்ளே நாற்காலியில் கைதி, பக்கத்தில் அவனைப் பெற்றவள், எல்லாக் கதவும் ஆவென்று திறந்து கிடக்கிறது. அவர் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை பறந்துவிட்டது. யாரைக் கேட்டு வெளியே விட்டாய் என்றார்.

பூங்கோதை சல்யூட் அடித்தாள். பஞ்சம்மாளிடம் அவள் சொன்னது அப்படியே இது.

"வெளிய விடல அய்யா, உக்கார வச்சிருக்கேன். பையனுக்குப் பதினாறு. லாக்கப் கதவு சாத்த மாட்டேங்குது. சாத்துனாலும் இவன உள்ள வச்சு நான் சாத்த மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கதவு சாத்தாதா, நான் காட்டுகிறேன் என்று போய் லாக்கப் கதவைப் பிடித்து இழுத்தார். வந்தது... வந்தது... ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளே யாரும் இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். திடீரென்று கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் மாதிரி கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

அவருடைய வலது மணிக்கட்டில், தேய்த்த காக்கிச் சட்டையின் மேலே, மஞ்சளாக ஒரு கைத்தடம். யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி அஞ்சு விரலும் பதிந்திருந்தது. ரூபஸின் கை துடைத்துச் சுத்தமாகத் தாயின் மடியில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அந்தத் தடத்தையே பார்த்தார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அந்த அடையாள அட்டையைக் கொண்டா என்று அனிட்டாவிடம் கையை நீட்டினார். அன்றைக்கே ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கென்று இருக்கிற நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோனார்கள். சாயங்காலம் ரூபஸ் தாயோடு வீட்டுக்குப் போய்விட்டான். கேஸ் நடக்கட்டும், நடந்தால் பதில் சொல்லிக்கொள்வான். வீட்டிலிருந்து போய்ச் சொல்வான், அதுதான் பேச்சு.

பூங்கோதையைச் சும்மா விடவில்லை. விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கடற்கரையே கண்ணில் படாத ஊருக்கு மாற்றினார்கள். அவள் வருத்தப்பட்டதாகப் பஞ்சம்மாள் சொல்லவில்லை. எங்கே போட்டாலும் ராத்திரிப் பாராவையே கேட்டு வாங்கிக்கொள்கிறாளாம். வெள்ளமுனைக் கதவுக்கு ஆசாரி வந்தார், வெல்டர் வந்தார், பூட்டை மாற்றினார்கள். உப்புக் காத்துக்கு இரும்பு துருப்பிடித்துவிட்டது என்கிறார்கள். பெரியவர்களை வைத்தால் லாக்கப் சாத்துகிறது. பிள்ளைகளை வைத்தால் சாத்துவதில்லை. இரும்புக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுப்போயிற்று. அன்று காலையில் ரூபஸை ஜீப்பில் ஏற்ற வெளியே கொண்டுபோன பிறகு, பூங்கோதை குனிந்து வாசற்படியைப் பார்த்தாள். ராத்திரி உள்ளே வந்த ஈரக் காலடி காய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் புதிதாக ஈரம். இந்தத் தடவை வெளியே போகிற தடம். ஒரு பொம்பளையின் காலடி... அதை ஒட்டியே இன்னொரு ஜோடி, வளர்ந்த பையனுடையது. ரூபஸின் கால் காய்ந்திருந்தது, செருப்பும் போட்டிருந்தான். அந்த இரண்டு ஜோடியும் எங்கே போகிறது என்று பூங்கோதை பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கல்லறைப் பக்கம் போகவில்லை. வெள்ளமுனைக்குள்ளும் போகவில்லை. மற்ற ஊர்களுக்கெல்லாம் போகிற ரோட்டில் ஏறியிருந்தன.

அதற்கப்புறம்தான் இந்தக் கதை பாரா நிற்கிற பெண்பிள்ளைகள் நடுவே காதுக்குக் காது பரவியது. கதவடியில் யாராவது நின்றால் வாங்க என்று சொல்லிவிடு, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிவைத்திருக்கிறார்களாம்.

உம்மு ஹபீபா, அழாதே. நிமிர்ந்து வாசலைப் பார். நீங்களும் பாருங்கள், பேசாமல் பாருங்கள். காற்று நின்றுவிட்டது, கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தாளே அந்தப் பாராக்காரப் பெண், இப்போது எழுந்து நிற்கிறாள். வாசற்படிக்கு நேரே பார்க்கிறாள். நாம் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், அங்கே நம் ஆள் யாரும் இல்லை. அவள் வாய் அசைகிறது... ஒரே ஒரு வார்த்தை.

ஒதுங்கி வழி விடுகிறாள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒதுங்குகிறாள். ஒருத்தருக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.

கிணிங்.

நம்மில் யாரும் தூக்குவாளி கொண்டுவரவில்லை.